கென்னி டால்கிலிஷ் 1991-ல் லிவர்பூல் கால்பந்து அணியின் மேனேஜர் வேலையைப் பாதியில் விட்டது தோல்விதானே?

இல்லை. "முதலிடத்தில் இருக்கும் அணியை விட்டு ஓடுகிறவர் எப்படி நல்ல மேனேஜர்?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்களையும் யாரோ இப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களுக்கே மேலதிகாரியாகி, இப்போது விடலாமா வேண்டாமா என்று தூக்கம் கெட்டு இருக்கிறீர்கள் போல. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். நானும் அந்த இடத்தில் இருந்தவள், எனக்கு அப்படித்தான் படிக்க வருகிறது.

நான் லிவர்பூலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பந்தாட்டம் எனக்குக் கணவர் வழியாகவும் வார்டில் படுத்திருக்கும் தாத்தாக்கள் வழியாகவும் வந்தது. இந்த ஊரில் "கென்னி" என்றால் போதும், குடும்பப் பெயர் தேவையில்லை. கிளாஸ்கோவில் பிறந்தவர், அங்குள்ள செல்டிக் கிளப்பிலிருந்து 1977-ல் இங்கே வந்தவர். ஸ்காட்லாந்துக்கு 102 ஆட்டம் ஆடியவர்.

1985 மே 29-ல் பெல்ஜியத்தின் ஹேசல் மைதானத்தில், லிவர்பூல் ஆடவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன் 39 ரசிகர்கள் இறந்தார்கள். மறுநாளே இவரை மேனேஜராக அறிவித்தார்கள். வயது 34, இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த வேலை தனக்கு வரும் என்று எதிர்பார்த்த கேப்டன் ஃபில் நீல் அதே டிசம்பரில் போல்டன் கிளப்புக்குப் போய்விட்டார். கேப்டன் பட்டை டால்கிலிஷின் நண்பர் ஆலன் ஹான்சனிடம் போயிருந்தது. அந்த சீசனிலேயே இங்கிலாந்தின் லீக் பட்டம், நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இரண்டும் வந்தன. செல்சியின் மைதானத்தில் லீக்கை உறுதி செய்த கோலையும் அவரே அடித்தார். "தயாராக இருந்த அணி கிடைத்தது" என்பவர்கள் கூடவே நின்றவர்களின் முகத்தைப் பார்த்து "இன்றைக்கு நீ இல்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

நான் சொல்லியிருக்கிறேன். என்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கியபோது, என்னோடு ஒரே நாளில் சேர்ந்து ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த தோழிக்குக் கிறிஸ்துமஸ் நைட் டியூட்டி போட வேண்டி வந்தது. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு லீவு கிடைத்திருந்தது, இந்த முறை அடுத்தவர் முறை. "நீயா எனக்கு இப்படி?" என்றாள். கொஞ்ச நாளில் வேறு வார்டுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். அந்த டியூட்டி லிஸ்ட்டை இன்று போட்டாலும் அப்படியேதான் போடுவேன். ஆனால் அது ஒன்றும் சும்மா நடந்துவிடவில்லை. அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

    

சரி, 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ரசிகர்கள் கம்பி வேலிக்குள் நெருக்குண்டார்கள். இறந்தவர்கள் கடைசிக் கணக்கில் 97 பேர். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டைத் திறந்து விட்டார்கள், மைதானம் முழுக்கப் பூ. டால்கிலிஷும் மனைவி மரினாவும் துக்க வீடுகளோடு நின்றார்கள், ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குக்குப் போனதும் உண்டு. 1990-ல் மறுபடி லீக் ஜெயித்தார். 1991 பிப்ரவரியில் இதே ஊரின் இன்னொரு அணியான எவர்ட்டனோடு நடந்த கோப்பை ஆட்டத்தில் லிவர்பூல் நான்கு முறை முன்னே போயும் 4-4 என்று முடிந்தது. இரண்டு நாளில் விலகினார். மன அழுத்தம் தாங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அணி அப்போது லீக்கில் முதலிடம்.

கோவிட் காலத்தில் எங்கள் வார்டில் உறவினரை உள்ளே விடாத நாட்களில் போனில் செய்தி சொன்னவள் நான். அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் ஓய்ந்து, வார்டுக்கு நல்ல பெயர் வந்த பிறகுதான் ஒரு காலையில் டியூட்டி லிஸ்ட்டில் பெயர் எழுதக் கை வரவில்லை. இன்சார்ஜ் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு சாதாரண நர்ஸாகப் படுக்கை அருகே திரும்பினேன். "தாங்க முடியவில்லையா?" என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த வருடம் அந்த போனைத் தொடவில்லை. டால்கிலிஷை ஓடினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். என் வேலையையும் அவர் வேலையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, யாரும் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.

தோற்றவர் என்றால் அதே 1991 அக்டோபரில் இரண்டாம் டிவிஷனில் இருந்த பிளாக்பர்ன் அணியை ஏற்று, அடுத்த கோடையில் மேலே கொண்டுவந்து, 1995-ல் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கியிருக்க முடியுமா? அந்த ஊருக்கு 1914-க்குப் பிறகு வந்த முதல் லீக் பட்டம். கிளப் உரிமையாளர் ஜாக் வாக்கரின் பணம் என்பீர்கள். பணம் இருந்தது, கோல் அடிக்கும் ஆலன் ஷியரரை வாங்கியதும் அதில்தான். பணம் கொட்டிய எத்தனை கிளப்புக்கு அது கிடைத்தது?

விலகத்தான் போகிறீர்கள் என்றால் நைட் டியூட்டி முடித்த கையோடு கடிதம் எழுதாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் உண்மையான காரணத்தையே எழுதிக் கொடுங்கள். "சொந்தக் காரணம்" என்று எழுதினால் மீதியை மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்கள்.