டீச்சர் பதில்கள்: மயிலாடியில் தொடங்கிய சபை

கேள்வி: டீச்சர், எங்கள் சபை லண்டன் மிஷன் வழி வந்தது. கூட வேலை பார்க்கும் நண்பன், "உங்களுடையது வெள்ளைக்காரன் கொண்டுவந்து தந்த மதம்தானே" என்கிறான். சண்டை போட மனமில்லை, பதிலும் தெரியவில்லை.
– வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, சண்டையே வேண்டாம். நண்பனை ஒருநாள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்குள்ள ஆலயத்தின் பெயரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம். இரண்டாவது ஆளிலிருந்து கதையை ஆரம்பியுங்கள்.

மயிலாடியில் சாம்பவர் சமூகத்தில் பிறந்த மகாராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். போன இடத்தில் மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். சொந்தபந்தங்களிடம் சொன்னார். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று மிஷனெரியைக் கேட்டுக்கொண்டதும் அவர்தான். அப்படித்தான் 1806-ல் ரிங்கல்தௌபே வந்தார். அவர் ஆங்கிலேயர்கூட இல்லை, லண்டன் மிஷனெரி சங்கம் அனுப்பிய பிரஷ்யாக்காரர். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளிதான் பிறகு நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

இதற்கு அடுத்த பகுதியை நான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடாமல் சொல்வேன். 1816-ல் ரிங்கல்தௌபே உடம்பு முடியாமல் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த மிஷனெரி மீட் ஐயர் வந்தது 1818-ல். இடையில் சபைகளைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கம். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளாக மட்டும் இருந்திருந்தால், கொடுத்தவர் போனதும் எல்லாம் கலைந்திருக்கும். கலையவில்லையே!

அன்று நம் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த கர்னல் மன்றோ மிஷனுக்கு ஆதரவாக இருந்தது உண்மை. அதை மறைக்கவேண்டாம். ஆனால் அடிபட்டவர்கள் நம் ஜனங்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதை எதிர்த்து எழுந்த தோள்சீலைக் கலகத்தில் ரவிக்கை போட்ட பெண்களின் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளையும் பள்ளிகளையும் எரித்தார்கள். மேலாடை உரிமை தந்து திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டது 1859-ல். அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று ஒரு தடை வைத்திருந்தார்கள்.

லேஸ் கதையையும் சொல்லுங்கள். மிஷனெரி மால்ட்டின் மனைவி மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் தங்களைத் தாங்களே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். என் பாட்டியும் லேஸ் பின்னியவள். மடியில் கெட்டியான தலையணை, அதன்மேல் வரிசையாகக் குண்டூசி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் இரண்டிரண்டாக மாறிமாறி விழும் சத்தம். வேலை முடிந்தால் சங்கீதப் புத்தகத்தை எடுத்து, வரியில் விரல் வைத்து வாசிப்பாள். அவளுடைய பாட்டி காலத்தில் அவள் சாதிப் பெண் புத்தகத்தைத் தொடுவதே பெரிய காரியம். நம் சபை எதற்காக வந்தது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: டீச்சர், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அங்கே புதிதாக ஒரு ஐக்கியத்துக்கு (தனி ஜெபக் குழுவுக்கு) போகிறாள். "நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சுவிசேஷ சபையே இல்லை, வெறும் சடங்கு" என்கிறாள். மனம் வேதனைப்படுகிறது.
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: அம்மா, வேதனைப்படாதீர்கள். அவள் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை, தேடுகிறாள். ஆனால் வரலாறு அவளுக்குத் தெரியவில்லை. 1795-ல் லண்டன் மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் பல சபைப் பிரிவினர். எந்தப் பிரிவின் ஆட்சிமுறையையும் ஏற்றுமதி செய்யமாட்டோம், சுவிசேஷத்தை மட்டும் கொண்டுபோவோம், சபையை எப்படி நடத்துவது என்று விசுவாசிகளே முடிவு செய்யட்டும் என்று அடுத்த ஆண்டே தீர்மானித்தார்கள். அந்த மிஷன் வழி வந்த நம் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன, 1947-ல் அது சி.எஸ்.ஐ.யில் இணைந்தது, அப்புறம் பேராயர், அங்கி எல்லாம் வந்தது. அடிப்படை மாறவில்லை. வேதமே முடிவான அதிகாரம், சிலுவையே நம்பிக்கை, ஒவ்வொருவரும் தானாக மனம் திரும்பவேண்டும். தாய் தகப்பன் கிறிஸ்தவர் என்பதால் பிள்ளை கிறிஸ்தவன் ஆகிவிடாது என்பது நம் பிரசங்கபீடத்தின் பழைய செய்திதான். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுச் சேர்த்து ஊழியத்துக்குக் கொடுத்த பெண்களிடம் போய் வெறும் சடங்கு என்று யாரும் சொல்லமுடியாது.

அவள் சொல்வதில் நியாயமும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்பு பல இடங்களில் மனப்பாடமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது அந்த வகுப்பில் வந்து பேசச் சொல்லுங்கள். போதகரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பெண் பார்க்கிறோம். ஆலயத்தில் எல்லோரும் சகோதரர் என்கிறோம், கல்யாணப் பேச்சில் முதலில் சாதியைக் கேட்கிறோம். இதைப் பேசினால் கமிட்டியில் முறைக்கிறார்கள். பேசத்தான் வேண்டுமா?
– வாசகர், தக்கலை

பதில்: கட்டாயம் பேசவேண்டும். வேதமாணிக்கம் கையிலிருந்து சபையை வாங்கிக்கொண்டு, அவர் ஜனத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்றால், நாம் வாங்கியது எதை? சில ஊர்களில் சபையின் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடுகிறது. எனக்கு இது ஆறாத வலி. நீங்கள் மகனுக்குக் கொடுக்கும் வரன் விளம்பரத்தில் சாதி வரியை அடித்துவிடுங்கள். மகனிடமும் அவன் அம்மாவிடமும் கலந்து பேசிய பிறகு செய்யுங்கள். அடுத்த கமிட்டியில் அந்த விளம்பரத்தைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம்.