பொம்மை வீட்டுக் கிட்டில் ஒரு மளிகைக் கடை: கேள்வி பதில்

கொலுவுக்காக ஒரு பொம்மை வீட்டுக் கிட்டை (துண்டுகளாக வரும், நாமே ஒட்டிக் கூட்ட வேண்டும்) வாங்கி, அதில் வந்த சோபா, கேக், காபி மிஷின் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு மளிகைக் கடையாக மாற்றியிருந்தேன். படத்தைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, ஒரு காபி ஷாப் கிட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் செட்டியார், செட்டிச்சி பொம்மை ஜோடி இருக்கிறது. அவர்களை உள்ளே உட்கார வைக்க முடியுமா?

கிட்டுக்கு ஆர்டர் போடும் முன் செட்டியாரை அளந்து பாருங்கள். ரோபோடைம், க்யூட்பீ மாதிரி கம்பெனிகளின் கிட்டுகள் பெரும்பாலும் 1:24 அளவு, அதாவது நிஜத்தில் ஒரு அடி இங்கே அரை அங்குலம். சம்மணம் போட்டு உட்கார்ந்த மனிதர் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம் இருப்பார். அப்படியானால் 1:24 கடைக்கு ஒன்றரை அங்குலச் செட்டியார் வேண்டும், 1:12 கடைக்கு மூன்று அங்குலம். கொலுப்படியில் இருக்கும் காகிதக்கூழ்ச் செட்டியார் சாதாரணமாக ஆறு அங்குலம் இருப்பார், அவர் 1:6 ஆள். 1:24 கடைக்குள் விட்டால் தலை கூரையில் இடிக்கும். பொம்மைதான் முக்கியம் என்றால் கிட்டை விட்டுவிட்டு, அட்டையிலோ பிளைவுட்டிலோ அவர் அளவுக்கே கடை கட்டுங்கள். கிட்தான் முக்கியம் என்றால் கடைக்காரரைக் களிமண்ணில் புதிதாகச் செய்யுங்கள். அல்லது கல்லாவில் ஆளே வேண்டாம், ஒரு துண்டும் கண்ணாடியும் வைத்தால் போதும், சாப்பிடப் போயிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

சென்னையில் இருக்கிறேன். சுவரில் பேப்பர் ஒட்டினேன், மறுநாள் பலகை வில் மாதிரி வளைந்துவிட்டது. ஃபெவிகால்தான் காரணமா?

ஃபெவிகாலில் உள்ள தண்ணீர்தான் காரணம். மெல்லிய பிளைவுட்டோ எம்டிஎஃப்போ (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளையத்தான் செய்யும். ஒட்டும் முன்பே இரண்டு பக்கமும் மெல்லிய பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள், பேப்பர் ஒட்டிய பிறகு நடுவில் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி மேலே வையுங்கள். இப்போது வளைந்திருப்பதையும் பின்பக்கம் லேசாக ஈரத்துணியால் துடைத்து அதே மாதிரி பாரம் வைத்தால் ஓரளவு நிமிரும்.

வரிசையும் முக்கியம். எல்லாத் துண்டுகளையும் முதலில் பசை இல்லாமல், மாஸ்கிங் டேப் மட்டும் ஒட்டி நிறுத்திப் பாருங்கள், இடுக்கில் நுழையாததை 220 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள், பிறகு கழற்றித் தரையில் படுத்த நிலையிலேயே பெயிண்ட், சுவர்ப் பேப்பர், ஒயருக்கான ஓட்டை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியாகச் சுவர்களைச் சேருங்கள். கூட்டிய பிறகு மூலையில் பிரஷ் விடுவது பெரும் வதை. இன்னொன்று, ஜன்னல் கண்ணாடிக்கான பிளாஸ்டிக் தாளில் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் படலம் படிந்துவிடும். அங்கே ஃபெவிகாலே நல்லது, காய்ந்தால் ஏறக்குறைய தெரியாது.

சாமான்களை எதில் செய்தீர்கள்? நிஜ அரிசியைப் போட்டேன், கூழாங்கல் மூட்டை மாதிரி இருக்கிறது.

இருக்கும்! 1:12 கடையில் ஒரு நிஜ அரிசி, ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்கு நீண்ட கல்லுக்குச் சமம். அரிசிக்கு ரவை போடுங்கள், அளவு கச்சிதமாக வரும். கடலை, பட்டாணிக்குக் கசகசா, அதில் பாதிக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் பட்டாணி. சர்க்கரை, உப்புக்குக் கல்மாவுக் கோலப்பொடி. உரித்த தேங்காய்க்குச் சுண்டைக்காய் வற்றலில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்குங்கள், முனையில் இரண்டு இழை சணல் ஒட்டினால் குடுமியும் ஆயிற்று. தின்னும் பொருள் எதையும் அப்படியே விடக்கூடாது, எறும்பும் வண்டும் வந்துவிடும். ஃபெவிகாலில் பிசைந்து ஒட்டி, மேலே வார்னிஷ் அடியுங்கள்.

மூட்டைக்கு நிஜச் சாக்கு எடுக்காதீர்கள், அதன் இழை இந்த அளவுக்கு வடக்கயிறு. பழைய வேட்டித் துண்டை டீ டிகாஷனில் முக்கிக் காய வைத்துத் தைத்து, முக்கால் வரை பஞ்சடைத்து, மேலே மட்டும் ஒரு படலம் ரவை. வாயை வெளிப்பக்கம் இரண்டு சுற்று சுருட்டி விட்டு, அடியைக் கட்டைவிரலால் அழுத்திக் கொஞ்சம் தொய்ய விடுங்கள். கனம் இருப்பதாகக் கண் நம்புவது அந்தத் தொய்வில்தான். மிட்டாய் பாட்டிலுக்கு, உருண்டையான தெளிந்த பால்பாயிண்ட் பேனாவின் உடம்பை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, உள்ளே கண்ணாடிப் பாசி, மேலே பஞ்ச் மிஷினில் குத்திய சிவப்பு அட்டை மூடி.

லைட் போடத் தெரியாது. சுலபமாக ஏதாவது வழி சொல்லுங்க.

ஒரே ஒரு வெள்ளை எல்இடி, ஒரு சிஆர் 2032 பட்டன் பேட்டரி. 3 வோல்ட்தான், எல்இடியின் நீளமான கால் பிளஸ் பக்கம், அவ்வளவே. கொலு ஒன்பது நாளும் எரிய வேண்டும் என்றால் 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து எடுங்கள், ஆனால் ஒவ்வொரு எல்இடிக்கும் தொடராக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்ன பாகம்) கட்டாயம், இல்லாவிட்டால் எல்இடி போய்விடும். விளக்கைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கூரையில் காது குடையும் பட்ஸின் வெள்ளைத் தண்டை வெட்டி ஒட்டினால் ட்யூப்லைட் எரிகிற மாதிரியே இருக்கும். சாமி படத்துக்கு ஒரு குட்டிச் சிவப்பு எல்இடி.

பெயர்ப்பலகையை பிரஷ்ஷால் எழுதலாமா?

1:12 என்றால் கை நன்றாக ஓடுபவர்கள் எழுதலாம். அதைவிடச் சின்ன அளவில் தமிழ் எழுத்தின் சுழிகள் பெயிண்டில் அடைத்துக்கொள்ளும், ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். லேசர் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் என்றால் வார்னிஷ் பட்டதும் மை கரையும். சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டுகளில் எழுத்தே வேண்டாம், 5 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர், நிறப்பட்டை மட்டும் போதும்.

எட்டு வயது மகளோடு சேர்ந்து செய்யலாமா, மேடம்?

தாராளமாக. கட்டரும் சூப்பர் குளூவும் உங்கள் கையில், பட்டன் பேட்டரியும் உங்கள் கையில்தான், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதில் விளையாட்டே கூடாது. மூட்டையும் பொட்டலமும் அவள் பொறுப்பு. கொஞ்சம் கோணலாக மடிப்பாள், அதுதான் வேண்டும்.

எல்லாம் செய்துவிட்டேன் அக்கா, ஆனாலும் ஷோகேஸ் மாதிரி இருக்கிறதே தவிர கடை மாதிரி இல்லை. என்ன குறைகிறது?

உங்கள் படத்தைப் பார்த்தேன், எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது. மளிகைக் கடையில் ஏது காலி இடம்? தட்டில் பாதியை எடுத்துவிட்டு மீதியை நெருக்குங்கள், எடுத்ததைக் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள்: வாழைத்தார், நூல்கண்டு, பாக்கெட் சரம். ஒரு சாமானாவது தீர்ந்து போயிருக்க வேண்டும், அடியில் நாலு மணி ரவையோடு ஒரு காலி மூட்டை.

அப்புறம் கை படும் இடங்கள். கல்லாப்பெட்டியின் விளிம்பு, மேசை முனை, தூணில் தோள் உயரத்துக்குப் பழுப்புப் பெயிண்டை ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். சுவர் அடியில் மட்டும் கொஞ்சம் அழுக்கு, மேலே வேண்டாம். எனக்குப் பிடித்தது பலகைக் கதவு. ஐஸ் குச்சிகளை வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் 1, 2, 3 என்று எண் எழுதி, கடையோரம் சாய்த்து வைத்தேன். பழைய கடைகளில் வரிசை மாறினால் பள்ளத்தில் உட்காராது என்று அப்படித்தான் எழுதுவார்கள். கொலு பார்க்க வந்த பெரியவர்கள் பலர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த எண்ணைத்தான் குனிந்து பார்த்தார்கள்.

கொலு முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

பேட்டரியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கசிந்துவிடும். பாச்சை உருண்டை வேண்டாம், தெர்மாகோல் ஏதாவது இருந்தால் இளக்கிவிடும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பரணில் மட்டும் ஏற்றாதீர்கள், வெயில் காலத்து சூட்டில் பசை விட்டுவிடும். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தால் அங்கேயே தள்ளிவிடுங்கள்.