ஆளோலையும் முன்பணமும்: அடிமை முறை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அடிமை முறை போரிலிருந்து பிறந்ததுதானே?

பதில்: பாதி உண்மை. சுமேரிய எழுத்தில் அடிமைப் பெண்ணைக் குறிக்கப் பெண், மலை என்னும் இரு குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். மலைநாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். மறுபாதி கடன். பாபிலோனின் அம்முராபி சட்டத்தில், கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவி மக்கள் மூன்றாண்டு உழைத்து நான்காம் ஆண்டில் விடுபட வேண்டும் என்கிறது 117ஆம் விதி. ஊரில் பரவலாக நடக்காத ஒன்றுக்கு அரசன் வரம்பு கட்டியிருக்க மாட்டான்.

கேள்வி: சோழர் காலத்தில் அடிமைகளே இல்லை என்கிறாரே எங்கள் ஆசிரியர்?

பதில்: கல்வெட்டு வேறு சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், பஞ்சம் தாங்காத வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டார். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் நீட்டியதும் ஆளோலையே, அதாவது ஒருவர் அடிமையாவதாக எழுதிக்கொடுக்கும் ஓலை; தானும் தன் வழிவருவோரும் அம்முதியவருக்குத் தொண்டு செய்வதாகச் சுந்தரரின் பாட்டனார் எழுதியது. சுந்தரர் அதைக் கிழித்தெறிய, முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையைக் காட்டுகிறார். அவையோர் பாட்டனாரின் வேறோர் எழுத்தை வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்திக் கதைதான். ஆனாலும் ஆளோலை வழக்கு எப்படி நடக்கும் என்று அறிந்திருந்த கேட்போருக்குச் சொல்லப்பட்ட கதை அது.

கேள்வி: 1843இல் ஆங்கிலேயர் அதை ஒழித்துவிட்டார்கள் அல்லவா?

பதில்: அந்த ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860இன் தண்டனைச் சட்டத்தில்தான். தஞ்சைப் பண்ணையாள் அதற்குப் பிறகும் மிராசுதாரரிடம் பட்ட கடனால் அதே வயலில் கட்டுண்டு கிடந்தார்.

கேள்வி: செங்கல் சூளையில் முன்பணம் வாங்கினாலே கொத்தடிமையா?

பதில்: இல்லை. அந்தப் பணத்தைக் காட்டி வேறிடம் போகவிடாமல் தடுத்தாலோ, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தாலோதான் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பாயும். அந்தக் கடனும் ரத்தாகும். ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படியல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே.