நேர்த்தி நாளும் மூன்றாம் இரவும்

வணக்கம் அண்ணா,

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என்ர மனிசருக்கு 46 வயது. வயல் செய்கிறார். பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் சாராயம். கையில் காசில்லாத நாளில் கள்ளமாக வடித்த கசிப்பு. போன வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டார். வெசாக்குக்குக் கடையும் இரண்டு நாள் பூட்டு. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தோம். முதல் நாள் கை நடுங்கியது, சத்தி எடுத்தார், வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். வெளியில் ஆரோ கூப்பிடினம் என்று எழும்பி ஓடப் பார்த்தார். மாமி ஏதோ சேட்டை என்று விபூதி போட்டு நூல் கட்டினா. விடியப்புறம் அவருடைய சிநேகிதர் எங்கேயோ கசிப்பு வாங்கி வந்து கொடுக்க அடங்கிவிட்டார். அதோடு எல்லாம் பழையபடி.

இந்த வருசப் பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கு. திரும்பவும் விடுகிறேன் என்கிறார். ஆனால் அந்த நடுக்கத்துக்குப் பயப்படுகிறார். எனக்கும் பயம். வீட்டில் வைத்துப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? என்ன சாப்பாடு கொடுக்கலாம்? பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா? அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்தொன்று இருக்கு என்கிறார்கள், அது சரியா?

பெயர் வேண்டாம்.

*

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கணவர் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தக் கூடாது. போன வருசம் அந்த மூன்றாம் இரவு நடந்ததை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இல்லாத எறும்பைக் கண்டதும், கேட்காத குரலுக்கு எழும்பி ஓடப் பார்த்ததும் குடி நிறுத்தலின் மிக ஆபத்தான கட்டம். மருத்துவர்கள் அதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். மருத்துவம் இல்லாவிட்டால் அதில் ஆட்கள் சாகிறார்கள். ஒரு தடவை அது வந்தவருக்கு அடுத்த தடவையும் வரக்கூடும். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கி வந்தால் ஒவ்வொரு நிறுத்தலும் முந்தியதைவிட மோசமாக வருவதும் உண்டு. பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கிறபோதே எழுதினீர்கள். அந்த அவகாசம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிற பெரிய மருந்து.

ஏன் நடுங்குகிறது என்பதை அவருக்கும் விளக்குங்கள். சாராயம் மூளையை அடக்கி வைக்கும் பொருள். வருசக்கணக்காக அது உள்ளே போகும்போது மூளை தன் வேலையை ஓட்டிக்கொண்டு போகவென்று தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது. பிரேக்கை மிதித்தபடியே மெசின் ஓட்டுகிறவன் அக்சிலேட்டரையும் சேர்த்து மிதிப்பதைப் போல. திடீரென்று சாராயம் நிற்கும்போது பிரேக் மட்டும்தான் விடுபடுகிறது. முடுக்கிய முடுக்கு அப்படியே இருக்கும். கை நடுக்கம், வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, சத்தி, நித்திரையின்மை, கடைசியில் வலிப்பு, எல்லாம் அந்த முடுக்கில் வருகிறவை. மனசில் உறுதி இருக்கிறவனுக்கும் நடுங்கும். நடுங்குவதை வைத்து அவர் வைராக்கியத்தை யாரும் அளக்கக் கூடாது, அவரும் அளக்கக் கூடாது.

இதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. ஞாயிறு இரவு 9 மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்று வையுங்கள். திங்கள் விடியப்புறம் மூன்று, ஐந்து மணிக்குள் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் திங்கள் காலை தொடங்கிச் செவ்வாய் இரவுக்குள் வரும். சிலருக்கு அதற்கு முந்தியும் வருவதுண்டு. செவ்வாய் இரவிலிருந்து வியாழன் இரவு வரையான காலத்தில்தான் அந்த எறும்பும் குரலும் வரும். ஊரில் பிழை விடுகிற இடம் இதுதான். முதல் நாள் நடுக்கம் கொஞ்சம் தணிந்ததும் "கண்டம் தாண்டியாச்சு" என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்றாம் இரவு மனிசியும் பிள்ளைகளும் மட்டும் தனியே நிற்பார்கள். மூன்றாம் நாளில் வருவதால் அதை நிறுத்திய குடியோடு ஒருவரும் சேர்த்துப் பார்ப்பதும் இல்லை. பேய், செய்வினை என்று போய்விடுகிறது. மாமியில் குற்றமில்லை. விபூதி பூசட்டும், நூலும் கட்டட்டும். ஆனால் ஆட்டோ வாசலில் நிற்க வேண்டும்.

ஆகவே நேர்த்தி நாளும் குடியை நிறுத்தும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. பொங்கலுக்குக் குறைந்தது இரண்டு கிழமை முந்தி நிறுத்தல் முடிந்திருக்க வேண்டும். விரதம், வெறுவயிறு, வைகாசி வெயில், சனநெரிசல் இவற்றோடு கடைசிச் சாராயம் நின்ற மூன்றாம் நாளும் சேர்ந்தால் எந்த உடம்பும் தாங்காது. கோயிலுக்கு அவர் தெளிந்த ஆளாக நடந்து போகட்டும்.

இந்தக் கிழமையே முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ, எது உங்களுக்கு வசதியோ அங்கே, இரண்டு பேரும் போங்கள். உளநலப் பிரிவைக் கேளுங்கள். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று அவர் பின்வாங்கினால் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். அங்கே "குடியை விட வந்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "தினமும் அரைப் போத்தல், பத்து வருசத்துக்கு மேல். போன வருசம் நிறுத்தினபோது மூன்றாம் இரவு இல்லாததெல்லாம் கண்டார், ஓடப் பார்த்தார். இந்த முறை வாட்டில் வைத்து நிறுத்த வேண்டும்." அந்த இரண்டாவது வசனம்தான் டொக்டரின் முடிவை மாற்றும். முன்பு வலிப்பு வந்ததா, கண் மஞ்சளானதா, இரத்தமாகச் சத்தி எடுத்தாரா, கறுப்பாக மலம் போனதா, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறாரா, அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். அடிபட்ட தலைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்தாலும் ஆள் குழம்பிக் கதைப்பார், அதைக் குடியின் மேல் போட்டுவிடுவோம்.

அனுமதிக்கும் நாளாகத் திங்களைக் கேளுங்கள். வலிப்புக்கும் குழப்பத்துக்கும் உரிய நாட்கள் கிழமை நாட்களுக்குள் வந்துவிடும், வாட்டில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள்.

அந்தத் திங்கள் வரும் வரை அவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்: அதுவரை அவர் குடிக்கட்டும், அளந்து குடிக்கட்டும். அரைப் போத்தல் என்றால் ஏறக்குறைய 375 மில்லிலீட்டர். குறைக்க விரும்பினால் நான்கு நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 மில்லிலீட்டர் அளவு, குறைக்கலாம். பாணி மருந்தோடு வரும் அளவு மூடி இதற்குப் போதும். 375, அடுத்த நான்கு நாள் 335, பிறகு 295. ஒரே இருப்பில் குடிக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு. குறைத்த நாளில் நடுக்கம் கூடினால் முந்திய அளவுக்குத் திரும்பி அங்கேயே நிற்கட்டும். கசிப்பில் இந்தக் கணக்கு நடக்காது. ஒரு போத்தலுக்கும் அடுத்ததுக்கும் உறைப்பு வேறு. கள்ளும் அப்படித்தான், காலையில் இறக்கியது பின்னேரத்துக்குள் புளித்து ஏறிவிடும். "சாராயத்தை விட்டுக் கள்ளுக்கு மாறுகிறேன்" என்றால் எவ்வளவு உள்ளே போகிறது என்று அவருக்கே தெரியாமல் போகும். கசிப்பில் இன்னொரு பயமும் உண்டு. மெதனோல் என்ற நச்சுச் சாராயம் கலந்திருந்தால் அரை நாள், ஒரு நாள் கழித்துப் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். குடி நின்ற நாளோடு அது பொருந்திப்போவதால் நடுக்கத்தில் ஒன்று என்று இருந்துவிடுவார்கள். பார்வை மங்கினால் ஒரு மணித்தியாலமும் பொறுக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். தினமும் குடிக்கிறவரின் உடம்பில் விற்றமின் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அது வற்றினால் கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவு தடுமாறும். வெறி என்று நினைத்து விட்டுவிட்டால் நினைவு திரும்பாமலே போகலாம். ஆகவே டொக்டரிடம் தயமின் குளிசையை இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்டில் ஊசியாகப் போடுவார்கள், குடித்துக் கெட்ட குடல் குளிசையைச் சரியாக உறிஞ்சாது. யாராவது "ஒரு சேலைன் ஏத்தினால் சரி" என்று தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அங்கேயும் "தினமும் குடிக்கிறவர்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச பி1-உம் செலவாகிவிடும். சேலைன் நீரைக் கொடுக்கும், வலிப்பைத் தடுக்காது.

வீட்டில் அவருக்குத் தவிடு நீக்காத சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு கொடுங்கள். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் பி1 மிகக் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1-இல் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நமது ஆச்சிமார் அவித்த நெல்லில் இந்த மருந்தும் இருந்தது. பயறு, கௌபி, முட்டை, மீன் எல்லாம் நல்லது. ஒரு வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, ஐந்தாறு தடவையாகக் கஞ்சியாகவோ குழைத்த சோறாகவோ கொடுங்கள். சத்தியும் வேர்வையுமாக இருந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) ஒரு பக்கற்றை ஆறிய கொதிநீர் ஒரு லீட்டரில் கரைத்து, மடக்கு மடக்காக. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் வவுனியாப் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் சிறுநீரக வருத்தக்காரர் பலர். அவருக்கு அது இருந்தால் டொக்டரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். கடும் சாயத் தேத்தண்ணி நடுக்கத்தையும் நித்திரையின்மையையும் கூட்டும். தலையிடிக்குப் பனடோல் என்றால் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகக் கூடாது. கண் மஞ்சளாக இருந்தால் டொக்டரிடம் கேளாமல் அதுவும் வேண்டாம். அஸ்பிரின், புரூபன் வேண்டாம், குடித்துப் புண்ணான வயிறு இரத்தம் கசியும்.

நித்திரைக் குளிசையை நீங்களாகப் பாமசியில் வாங்க வேண்டாம். டயசிப்பாம், குளோர்டயசிப்பொக்சைட் போன்றவைதான் வாட்டிலும் கொடுக்கும் மருந்து, வலிப்பையும் குழப்பத்தையும் தடுப்பவை அவைதான். ஆனால் நாடி, வேர்வை, நடுக்கம் பார்த்து அளவு தீர்மானித்து, பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டவருக்கு மருந்தே மாறும். குளிசையின் மேல் சாராயமும் போனால் மூச்சு நின்றுவிடலாம். வீட்டுக்குத் தந்து அனுப்பினால் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், ஒவ்வொரு வேளையும் நீங்களே கொடுங்கள். நன்றாக இருக்கிறார் என்று மூன்றாம் நாளோடு நிறுத்தவும் வேண்டாம், மருந்து குறைகிற வேகமும் மருத்துவத்தில் ஒரு பகுதி.

எவ்வளவு திட்டம் போட்டாலும் காசில்லாமலோ கடை பூட்டும் போயா நாளாலோ இடையில் குடி நின்றுவிடலாம். அப்போது நான்கு நாளும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் பாருங்கள். மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். கையை நீட்டச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். நாடி 100-ஐத் தாண்டினால், காய்ச்சல் அடித்தால், கிழமையைப் பிழையாகச் சொன்னால், இல்லாத எதையாவது கண்டால், குடித்த தண்ணீர் தங்காவிட்டால் உடனே 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வயலில் நிற்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வயல் வேலையையும் சொல்லுங்கள். உங்கள் பாதையில் இரவில் யானை வருமென்றால் பொழுது படுமுன்னே முடிவெடுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம், வலிப்பு வந்தால் மூன்று பேரும் விழுவீர்கள்.

போன வருசம் சிநேகிதர் கொடுத்த கசிப்பு அவரை அடக்கியது உண்மை. நடுக்கம் மட்டும் இருந்து, தெளிவாகக் கதைக்கிறார், வாகனம் வர நேரமாகும் என்றால் அளந்த கொஞ்சச் சாராயம் வலிப்பைவிட மேல். குழம்பிவிட்டவருக்கோ மயங்கியவருக்கோ வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது, புரைக்கேறிவிடும்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்துங்கள், தலைக்குக் கீழே சாரத்தை மடித்து வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் திறப்பையோ இரும்பையோ திணிப்பதால் வலிப்பு நிற்காது. பல்லுக்கிடையில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். ஒரு நிமிடத்தில் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது அடுத்தடுத்து வந்தால், உயிர் ஆபத்து.

சோற்றில் கலக்கும் மருந்தைப் பற்றி: வேண்டவே வேண்டாம். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. உண்மையான மருந்தான டைசல்பிராம், குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, சத்தி எடுக்க வைப்பது. அந்தப் பயத்தால்தான் அது வேலை செய்கிறது. தெரியாமல் அதை விழுங்கியவர் வழக்கம்போல அரைப் போத்தல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து சாகலாம். குடி முழுதாக நின்றபின், அவர் சம்மதத்தோடு, டொக்டர்தான் தொடங்க வேண்டும். ஆசையைக் குறைக்க வேறு குளிசைகளும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு கிழமையில் உடம்பு அடங்கும். நித்திரை திரும்பப் பல கிழமைகள் செல்லலாம், சிடுசிடுப்பும் இருக்கும். இரவு முழுக்க விழித்திருக்கிறவருக்கு ஒரு பெக் போட்டால் நித்திரை வரும் என்ற நினைப்பு அப்போதுதான் வரும். அந்த நாட்களில் பின்னேரம் 6 மணி தொடங்கி அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும், மாட்டைக் கட்டுவதோ பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டிவருவதோ. பேச வேண்டும்போல இருந்தால் 1926 தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண்.

சிநேகிதரையும் ஒருக்கால் கூப்பிட்டுக் கதையுங்கள். போன வருசம் விடியப்புறம் ஓடித்திரிந்து உதவி செய்த மனிசன் அவர். இந்த முறை வாட்டில் மூன்றாம் இரவு பக்கத்தில் இருக்க ஆள் தேவை, நீங்கள் அன்று கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்.