நான் அப்பமே சொன்னம்லா

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்க பெரியப்பாவுக்கு எழுபது வயசு. அம்பாசமுத்திரத்தில் காலையில் டீக்கடைக்குப் போனால் எலெக்‌ஷன், கிரிக்கெட், மழை எல்லாவற்றுக்கும் பலன் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். முடிவு வந்ததும் "நான் அப்பமே சொன்னம்லா" என்பார். வேடிக்கை என்னவென்றால், அவர் அப்படிச் சொன்ன மாதிரிதான் எனக்கும் ஞாபகம். டிவியில் கருத்துக்கணிப்பு சொல்கிறவர்களைவிட இவர் தேவலையோ?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

1972ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் கிளம்புமுன், ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் மாணவர்களிடம் ஒரு தாள் கொடுத்தார். மாவோவைச் சந்திப்பாரா, இது நடக்குமா, அது நடக்குமா, நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டார். பயணம் முடிந்தபின், "அன்று என்ன எழுதினீர்கள், ஞாபகத்திலிருந்து சொல்லுங்கள்" என்றார். நடந்துவிட்ட காரியங்களுக்குத் தாங்கள் கூடுதலாகவே போட்டிருந்ததாகப் பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. முடிவு தெரிந்ததும் பழைய ஞாபகம் தானாகத் திருந்திக்கொள்கிறது. பெரியப்பாவுக்கு நீங்கள் சாட்சி சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் டீ குடிக்கிற கடையில் 2016 மே முழுக்க ராதாபுரம் தொகுதிதான் பேச்சு. "நம்மாளு அடிச்சுத் தூக்கிருவாரு வே" என்று இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. கடைசியில் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. அன்று சாயங்காலம், "இழுபறின்னு நான் அப்பமே சொன்னம்லா" என்று மூன்று பேர்! இழுபறி என்ற சொல்லையே அதற்கு முந்தின நாள்வரை அந்த பெஞ்சில் நான் கேட்டதில்லை. (2019ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டதும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் தனிக்கதை.)

அதற்கப்புறம்தான் கடைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போட்டேன். பாய்லர் பக்கத்து ஆணியில் தொங்கும், நூலில் ஒரு பேனா. தேதி போடணும், நூற்றுக்கு எத்தனை என்று போடணும், அவ்வளவுதான். "பாக்கலாம்", "வாய்ப்பிருக்கு" எல்லாம் செல்லாது. அதுவரை மேஜையைத் தட்டிப் பேசியவர்கள் பேனாவைக் கொடுத்ததும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்கள்.

மார்க் போடும் முறையை 1950ல் பிரையர் என்ற வானிலைக்காரர் சொல்லிவைத்திருக்கிறார். நடந்தால் ஒன்று, நடக்காவிட்டால் சைபர். நீங்கள் சொன்னதற்கும் (நூற்றுக்கு 90 என்றால் 0.9) நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கணும். குறைய வாங்குகிறவன் கெட்டிக்காரன். 2023 நவம்பர் 19, அகமதாபாத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டம். வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்து வந்திருந்தது இந்தியா. நான் "இந்தியா, 90" என்று எழுதினேன். ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்தார், இந்தியா தோற்றது. எனக்கு 0.81. கிரிக்கெட்டே பார்க்காத டீ மாஸ்டர் "50" என்று கிறுக்கிவைத்திருந்தார், அவருக்கு 0.25. ஒரு வாரம் எனக்கு டீ கொடுக்கும்போதெல்லாம் சிரித்தார்.

டிவிக்காரர்களைக் கேட்டீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலானவர்கள் ஆளும் கூட்டணிக்கு 350 இடத்துக்கு மேல் என்றார்கள், வந்தது 293. தப்புதான். ஆனால் எண் சொன்னதால் தப்பு என்று நமக்குத் தெரிகிறது. பெரியப்பாவிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

கடைக்கு வருகிறவர்களில் நான் மதிப்பது சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவரை. நோட்டைத் தொட்டதே இல்லை. பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பார். நிறைந்தால் 143 அடி. ஒரு வருஷம் ஜூன் பிறந்தும் அணை ஏறவில்லை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டேன். "அது யாருக்கு வே தெரியும்? பாதிக்குத்தான் நாத்து பாவிருக்கேன். அதுவும் அம்பை பதினாறு நெல்லு. நூத்திப் பத்து நாள்ல அறுத்துருலாம்லா" என்றார். நூற்றுக்கு எத்தனை என்று இதைவிடத் தெளிவாக யார் எழுதிக் காட்டுவார்கள்? தப்பினால் போவது அவர் வீட்டு நெல்.

நோட்டைப் பார்க்கணும் என்று நீங்கள் கேட்டால் காட்ட வழியில்லை. 2023 டிசம்பர் 17, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியதே, அந்த மழை. கனமழை என்று அறிவிப்பு இருந்தது. ஒரு வருஷ மழை ஒரு நாளில் வரும் என்று எங்கள் பெஞ்சில் யாரும் நினைக்கவில்லை. தாமிரபரணி கடைக்குள் வந்து பாய்லரைச் சாய்த்து, ஆணியில் கிடந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சேறு வழித்துக் கடை திறந்த அன்று ஒருத்தர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு வெள்ளம் வரும்னு அந்த நோட்டுலயே எழுதி வச்சிருந்தம்லா."