பதில்: முக்கூடல் மாலை வகுப்புக்கு வந்த பீடி சுற்றும் பெண்கள் ஏன் நின்றுவிட்டார்கள்?

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பிலிருந்து அவர்கள் பதினைந்தே நாளில் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் 'அணில், ஆடு' படம் காட்டினால் கூச்சமாகத்தான் இருக்கும்.

பீடித்தட்டை மடியில் வைத்தபடியே உட்காரச் சொல்லுங்கள். கை நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். பீடிக்கடையில் கணக்கு எழுதித் தரும் பாஸ் புத்தகத்தையே பாடமாக்குங்கள்: வாங்கிய இலை, கொடுத்த பீடி, சரியில்லை என்று கழித்த பீடி, கூலியில் பிடித்த பணம். கடைக்காரர் எழுதியதைத் தாமே வாசித்து, "இது ஏன் குறைகிறது அண்ணாச்சி?" என்று கேட்கும் துணிவுதான் முதலில் வர வேண்டும், கையெழுத்து தானாக வரும். வீட்டில் இருந்து சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அதையும் அவர்களோடு எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

நாற்காலியை விட்டுத் தரையில் உட்காருங்கள். ஒரு கட்டு சுற்றவும் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.