அருவிப் படத்துக்கு மூன்று பேர் மூன்று குறை சொன்னால்

கேள்வி: அருவி ஒன்றைப் படமெடுத்து நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர் ‘தண்ணீர் பஞ்சு மாதிரி இருக்கு’ என்றார். இன்னொருவர் ‘வெள்ளை வெளுத்துப்போச்சு’ என்றார். மூன்றாமவருக்கு ‘எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை’. மரநிழலில் அங்கங்கே வெயில் விழுந்த இடம். மேலே இலைகளுக்கு நடுவே கொஞ்சம் வானமும் தெரிகிறது. டிரைபாடில் வைத்து எஃப் 22, ஐஎஸ்ஓ 100, 4 நொடி, 3 ஸ்டாப் என்டி ஃபில்டரோடு எடுத்தேன். எதை மாற்ற வேண்டும்?

பதில்: மூன்று பேர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. பஞ்சுக்குக் காரணம் ஷட்டர் திறந்திருந்த நேரம். வெளுப்புக்குக் காரணம் வெயில். மூன்றாவதை மட்டும்தான் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். முதல் இரண்டுக்கும் மறுபடி போய்த்தான் எடுக்க வேண்டும்.

4 நொடியில் விழும் நீரின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வெறும் வெள்ளைப் படலமாகிவிடும். இழை தெரிய வேண்டுமானால் 1/4 முதல் 1/2 நொடி போதும். பெருவெள்ளமாகக் கொட்டுகிற அருவிக்கு 1/8 கூடப் போதும். மெல்லிய ஓடைக்கு 1 நொடி வரை போகலாம். இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிதாகும். எஃப் 22-இலிருந்து எஃப் 11-க்கு வந்தால் 2 ஸ்டாப் மிச்சம்: 4 நொடி 1 நொடியாகும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரைக் கழற்றினால் இன்னும் 3 ஸ்டாப்: 1/8 நொடி. அந்த இடத்தில் போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டுங்கள். அது 1 முதல் 2 ஸ்டாப் ஒளியை எடுத்துக்கொள்ளும். நீங்கள் 1/4-க்கும் 1/2-க்கும் நடுவே வந்து நிற்பீர்கள். அந்த வெளிச்சத்துக்கு என்டியே தேவைப்படவில்லை. எஃப் 22-இல் இன்னொரு நஷ்டமும் உண்டு: சிறிய துளை வழியே ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) பாறையின் கூர்மை குறையும், லென்ஸில் விழுந்த சாரல் துளிகளும் சென்சார் தூசியும் பளிச்சென்று தெரியும்.

போலரைசரை மாட்டியதும் அருவியைப் பார்க்காதீர்கள், ஈரப் பாறையைப் பாருங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது பாறைமேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு விலகி, கல்லின் கருமையும் பாசியின் பச்சையும் மேலே வரும். முழுக்கத் திருப்பினால் குளத்தில் விழுந்த பிரதிபலிப்பும் போய்விடும். சற்று முன்னாலேயே நிறுத்துவது என் விருப்பம்.

வெளுப்புக்கு வருவோம். நிழலுக்கும் வெயில் பட்ட நுரைக்கும் 4, 5 ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். ஃபிரேமில் நிழல் அதிகமென்றால் கேமரா அதற்கேற்ப அளந்து நுரையைக் கோட்டைவிடும். மேகம் மூடும்வரை காத்திருங்கள், அல்லது வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வெளுத்த இடத்தைத் திரையில் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து, தண்ணீர் கண்சிமிட்டினால் எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் நிரம்பிவிட்ட இடத்தில் பிறகு ஹைலைட் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் பூசிய மாதிரி ஒரு திட்டுதான் மிஞ்சும். நிழலைத் தூக்குவது அதைவிட எளிது.

(தண்ணீரே ஃபிரேமை நிறைத்தால் கதை தலைகீழ்: கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும்.)

டிரைபாட் கால் ஓடும் நீரில் நின்றால் அதிரும், பாறைமேல் வையுங்கள். 2 நொடி டைமர் போடுங்கள், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரை அணையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸைத் துடைத்து, எடுக்கும்வரை துணியால் மூடி வையுங்கள்.

மூன்றாவது குறைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மேல்மூலை வானத்தைத்தான். கண் எப்போதும் பிரகாசமான இடத்துக்கே ஓடும். மேலே க்ராப் செய்யுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தை மட்டும் இருட்டாக்குங்கள். ஆனால் நீர் விழுகிற குளத்தை வெட்டிவிடாதீர்கள். நிழலில் எடுத்த தண்ணீர் நீலம் பாய்ந்திருந்தால் வைட் பேலன்ஸைச் சற்று வெதுவெதுப்பாக்கலாம், அதாவது மஞ்சள் பக்கம் நகர்த்தலாம். நுண்விவரத்தை எடுப்பாக்கும் கிளாரிட்டியைப் பாறைக்கு மட்டும் கொடுங்கள். தண்ணீருக்குக் கொடுத்தால் அழுக்காகத் தெரியும்.

கருத்து கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். ‘முதலில் கண் எங்கே போச்சு? எங்கே உறுத்துது?’ என்று கேளுங்கள். ‘கான்ட்ராஸ்ட் ஏத்து’ என்று ஒருவர் மருந்து சொன்னால், அவருக்கு என்ன நோய் தெரிந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பல நேரம் அது பாறை மங்கலாக இருப்பதுதான், கான்ட்ராஸ்ட் ஏற்றினால் நுரை வெளுக்கும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து தனிப் பிரதியாகச் சேமியுங்கள். மறுநாள் அதைப் பழைய படத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, அதே இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.